வியாழனுக்குப் புனிதர் பட்டமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழில் ரோமாபுரிப் பயணக் கட்டுரையைப் படித்தேன். உண்மையில், ஒரு படத்தின் கீழே இருந்த வரியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. 'புனிதர்களின் உருவம் பொறித்த, போப்பாண்டவர்களின் பளிங்கு மெழுகுவத்தித் தாங்கி' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ஒரே வரியில் இத்தனை பிழைகளை அடக்குவதற்கும் ஒரு திறமை வேண்டும்.

அது பர்பெரினி விளக்குத்தண்டு என்பது தாங்கள் அறியாததல்ல. ரோமாபுரியை அடுத்த டிவோலிக்கு அருகே ரோமானியப் பேரரசன் ஹாட்ரியன் (ஆட்சி 117–138) கட்டிய மாளிகையின் இடிபாடுகளில் ஜோடியாகக் கிடைத்தது. ஆளை விட உயரம். தண்டெங்கும் அகாந்தஸ் என்ற செடியின் இலைக்கொத்து. அடியில் மூன்று முகம் கொண்ட பீடம், முகத்துக்கு ஒரு ரோமானியத் தெய்வம். ஒரு தண்டில் ஜூபிடர், ஜூனோ, மெர்க்குரி. மற்றத் தண்டில் மார்ஸ், மினெர்வா, வீனஸ். இதில் புனிதர் யார்? மெழுகுவத்தியும் தங்கள் கற்பனையே. இவ்வகைத் தண்டுகளின் உச்சியில் விளக்கு எரிந்திருக்கும், அல்லது தூபம் புகைந்திருக்கும்.

இன்னொரு வேடிக்கை. ஜூபிடர் நமக்கு வியாழன், மெர்க்குரி புதன், மார்ஸ் செவ்வாய், வீனஸ் வெள்ளி. இந்த நால்வரும் தங்கள் இதழின் ராசிபலன் பக்கத்தில் வாராவாரம் வீடு மாறிக்கொண்டிருப்பவர்கள். இத்தனை ஆண்டு சோறு போட்டவர்களையா அடையாளம் தெரியவில்லை?

'போப்பாண்டவர்களின்' என்ற சொல்தான் எனக்கு அதிகம் உறுத்தியது. போப்பின் அருங்காட்சியகத்துக்கு அது பிற்பாடு வந்த பொருள். பர்பெரினி குடும்பத்தின் கையில் இருந்ததால் அந்தப் பெயர். அந்தக் குடும்பத்திலிருந்து வந்த போப் எட்டாம் உர்பன் 1620களில் என்ன செய்தார்? ஹாட்ரியன் எழுப்பிய பாந்தியன் கோயிலின் முகமண்டபத்து வெண்கலத்தைப் பெயர்த்து, பெரும்பகுதியை உருக்கிப் பீரங்கி வார்த்தார். அந்தப் பீரங்கிகள் எதற்கு? ஹாட்ரியனின் கல்லறையாக இருந்து கோட்டையாகிவிட்ட சான்ட் ஆஞ்செலோவுக்கு! 'காட்டுமிராண்டிகள் செய்யாததைப் பர்பெரினிகள் செய்தார்கள்' என்று ரோமாபுரியில் அப்போதே நையாண்டி செய்தார்கள். கோயிலையும் கல்லறையையும் பறிகொடுத்தவனின் விளக்கிலும் அடுத்தவர் பெயரே நிற்கிறது. மிச்சமிருந்த தெய்வங்களையும் தாங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

நான் முப்பத்தொரு ஆண்டு பள்ளியில் ஓவியம் கற்பித்தவன். பணி ஓய்வுக்குப் பின் ஒரு சுற்றுலாக் குழுவோடு ரோமாபுரி போனேன். வத்திக்கானில் உள்ள பியோ-கிளெமெந்தினோ அருங்காட்சியகத்தின் சிலைக்கூடத்தில் இந்தத் தண்டின் முன் நின்றேன். (தங்கள் கட்டுரையாளர் இதை 'விளக்குத்தண்டுகளின் கூடம்' என்று எழுதுகிறார். அது வேறு கூடம். அங்கே இருப்பவை வேறு தண்டுகள்.) ஜூனோவின் ஆடை மடிப்பைப் பாதி வரைவதற்குள் வழிகாட்டி என் முழங்கையைப் பிடித்து, 'சிஸ்டைன் தேவாலயம் மூடிவிடுவார்கள்' என்று இழுத்துப் போனார். அந்தப் பாதிப் படம் இன்னும் என் மேசையில் இருக்கிறது. உடைந்த இடங்களைக் கவாசெப்பி என்ற சிற்பி பிற்காலத்தில் சீரமைத்த தண்டு அது. ஒட்டு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன், அதற்கும் விடவில்லை. தங்கள் கட்டுரையாளருக்கோ அவசரமே இல்லை போலும். ஐஸ்கிரீமுக்கு மட்டும் ஒரு முழுப் பத்தி.

இது முதல் முறையாக இருந்தால் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். முன்பு ரோமாபுரியில் பேரரசன் டிராஜனின் வெற்றித் தூணைக் 'கலங்கரை விளக்கம்' என்று போட்டீர்கள். இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். மரியாதைக்காகத் தொடக்கத்தில் எழுதிய 'இதழின் அச்சு அருமை' என்ற வரியை மட்டும் என் பெயரோடு வெளியிட்டீர்கள். தெருவில் பார்ப்பவர்கள் எல்லாரும் வாழ்த்தினார்கள். அதனால்தான் இம்முறை பாராட்டு எதுவும் எழுதவில்லை.

நான் கேட்பது இரண்டு வரித் திருத்தம். ராசிபலனுக்குக் கீழே கொஞ்சம் இடம் காலியாக இருப்பதைப் பார்த்தேன், அங்கேயே போடலாம். எழுத்து மட்டும் சற்றுப் பெரிதாக இருக்கட்டும், எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை இன்னும் ஆகவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்