பாப்பாவுக்கு, பெரம்பூர்ல இருந்து அப்பா

பாப்பா,

நல்லா இருக்கியா. நான் ஃபோன் பண்ணா நீ ட்யூட்டில இருக்க, நீ எப்பவாவது பண்ணா நான் கோயில்ல இருக்கேன், வாட்ஸப்ல நீ போடற "சரிப்பா" "ஓகேப்பா" இந்த ரெண்டையே பாத்து பாத்து பதினேழு நாள் ஓடிப்போச்சு. அதான் இன்னிக்கு சனிக்கிழமை மத்தியானம் அம்மா தூங்கறப்ப உக்காந்து டைப் பண்றேன், ஒத்த விரல்ல அடிக்கறேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காத, மெசேஜ்னு நினைக்காம லெட்டர்னே வெச்சுக்க.

இந்த வருஷம் எல்லாமே ஓட்டம் தான். பிப்ரவரி 11 மாதா திருவிழா, பந்தல்காரன் தோண்டுன குழிய கூட இன்னும் மூடல, அதுக்குள்ள 18ஆம் தேதி தவக்காலம் ஆரம்பிக்கற சாம்பல் புதன் வந்து நிக்குது. சாம்பல் எரிக்கற வேலை ஏழைங்களுக்கு ஒத்தாசை பண்ற எங்க வின்சென்ட் தே பால் சபைக்கு தான் குடுத்தாங்க. போன வருஷத்து குருத்தோலைங்கள எல்லா வீட்டுல இருந்தும் கொண்டாந்து சாக்குல போட்டு வெச்சிருந்தாங்க, நம்ம வீட்டு வாசப்படி மேல இயேசு படத்துக்கு பின்னாடி சொருகி இருந்ததும் அதுல போச்சு. கோயிலுக்கு பின்னாடி எண்ணெ டின்னு மூடி மேல வெச்சு கொளுத்துனோம், நல்லா காஞ்ச ஓலை, குப்புனு புடிச்சுது, கடைசில பாத்தா ஒரு சாக்கு ஓலைக்கு ரெண்டு கைப்பிடி சாம்பல் தான். நரம்பு நரம்பா கெடந்துதுன்னு அம்மாவோட மாவு சல்லடைய எடுத்துட்டு போயி சலிச்சேன். அதுக்கு வாங்குன திட்டு தனி கதை, புது சல்லடை வாங்கி குடுத்தும் இன்னும் பேச்சு நிக்கல.

நெத்தில சாம்பல் பூசிகிட்டு, மண்ணுக்கே திரும்புவன்னு கேட்டுட்டு வந்து, காலைல இருந்து ஒரு வேளை தான் சாப்ட்டு, அந்த பெருமையோட ராத்திரி எட்டு மணிக்கு உனக்கு ஃபோன் போட்டேன். உனக்கு அப்ப மத்தியானம் மூன்றரை, அப்பதான் எழுந்தேன்னு சொன்ன. நான் என்ன கேட்டேன்னு ஞாபகம் இருக்கா? "இன்னிக்கு என்ன சாப்ட்ட?" நீ மறைக்காம சொன்ன, விடிகாலைல கேன்டீன்ல சிக்கன் சாண்ட்விச் தான் இருந்துச்சுப்பான்னு. அவ்ளோ தான், நான் ஆரம்பிச்சுட்டேன். கறி கூடாத நாளாச்சே, சாம்பல் புதன் கூட மறந்து போச்சா, வெளிநாடு போனா கோயிலும் போயிடுமா, உங்க பாட்டி தவக்காலம் நாப்பது நாளும் கருவாடு கூட மோந்து பாக்க மாட்டாங்க, அது இதுன்னு என்னென்னவோ. நீ ஒரு வார்த்தை பேசல. "சரிப்பா, வெக்கறேன்"னு சொல்லிட்டு வெச்சுட்ட.

அம்மா அப்பறம் தான் எனக்கு சொன்னா, உங்க கொலோன் ஊர்ல அந்த வாரம் பூரா கார்னிவல், வியாழக்கிழமை ஆரம்பிச்சு சாம்பல் புதனுக்கு மொத நாள் வரைக்கும் ஊரே வேஷம் கட்டிகிட்டு குடிச்சுட்டு தெருவுல ஆடும், திங்கக்கிழமை பெரிய ஊர்வலம், கீழ விழுந்தவன் மண்டை ஒடஞ்சவன் பாட்டில் குத்துனவன் எல்லாம் உங்க எமர்ஜென்சிக்கு தான் வருவான்னு. அஞ்சு நைட் தொடர்ந்து பாத்தியாமே. என்கிட்ட ஏன் சொல்லலன்னு கேக்கலாம்னு பாத்தேன், நான் எங்க சொல்ல விட்டேன்.

இதுல பாரு வேடிக்கைய, ரெண்டு நாள் கழிச்சு வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி பூசைல மொத வாசகம் என் முறை. சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளிக்கு எசாயா 58ஆம் அதிகாரம் தான் வரும், வருஷா வருஷம் அதே தான், நானே எத்தன தடவை வாசிச்சிருப்பேன். நோன்பு இருக்கீங்க, அதே நாள்ல சண்டையும் வம்பும் பண்றீங்க, இதுவா நான் கேட்ட நோன்பு, பசிச்சவனுக்கு உன் சோத்த பங்கு போட்டு குடுக்கறது தானே நோன்புன்னு கடவுள் கேக்கற எடம். மைக்ல கணீர்னு வாசிச்சுட்டு "இது ஆண்டவரின் அருள்வாக்கு"ன்னு சொல்லிட்டு எறங்கி வரேன், மொத பெஞ்சுல அம்மா உக்காந்து என்னையே பாக்கறா, ஒண்ணும் சொல்லல, பாத்தா. உனக்கு தெரியும்ல அந்த பார்வை.

போன வாரம் பாவசங்கீர்த்தனத்துக்கு போயிருந்தேன். மொதல்ல உன் கதைய தான் எடுத்தேன், பொண்ணு இப்பிடி ஆயிட்டா ஃபாதர்னு. அவர் சிரிச்சுட்டாரு. "ராத்திரி பூரா அடிபட்டவனுக்கு கட்டு போட்டுட்டு கைக்கு கெடச்சத சாப்ட்ட பொண்ணோட பாவத்த நீங்க ஏன் சொல்றீங்க, உங்களோடத சொல்லுங்க"ன்னாரு. அப்பறம் உங்களுக்கு வயசு என்னன்னு கேட்டாரு. அறுபத்தாறுன்னேன். ஒருசந்தி, அதான் ஒரு வேளை மட்டும் சாப்ட்டு இருக்கற நோன்பு, பதினெட்டு வயசுல இருந்து அம்பத்தொம்பது வரைக்கும் தான் கடமை, உங்களுக்கு கெடையவே கெடையாது, சுத்தபோசனம் மட்டும் தான் இருக்குன்னாரு. எனக்கு இது தெரியாம இல்ல பாப்பா. தெரிஞ்சு தான் இருந்தேன், கடமை இல்லாதத செய்யறோம்ங்கறதுல ஒரு கெத்து. சுத்தபோசனத்துலயும் என்னத்த பெருசா, கறி தான் கூடாது மீன் கூடும்னு வெள்ளிக்கிழமை காலைல காசிமேடு வரைக்கும் போயி வஞ்சிரம் வாங்கியாந்து வறுத்து சாப்ட்டுட்டு நான் தவக்காலம் இருக்கேன்னு சொல்ற ஆளுங்க நம்ம பக்கத்து வீட்டுக்காரங்க சேந்து ஜெபிக்கற அன்பியத்துலயே நாலு பேர். அதுல ஒருத்தன் யாருன்னு உனக்கே தெரியும், தட்டுல தலை பீஸ் யாருக்கு வேணும்னு சண்டை போட்டவன். (அதுக்காக இத எழுதறேன்னு நினைக்காத. எனக்கு குடுத்த பரிகாரம் மூணு அருள் நிறைந்த மரியே தான், அத அன்னிக்கே சொல்லி முடிச்சாச்சு.)

சரி, நான் சொல்ல வந்தது வேற. ஆர்மோனிய தாத்தா ஞாபகம் இருக்கா? சின்ன புள்ளைங்க கொயர்ல உங்களுக்கெல்லாம் பாட்டு சொல்லி குடுத்தாரே, சுருதி தப்புனா ஸ்கேலால ஆர்மோனியம் மேல டப்புனு தட்டுவாரே, அவரு. வயசு எம்பத்திநாலு ஆச்சு. பாட்டி போயி ரெண்டு வருஷம், பையன் வெளியூரு, ரெண்டாவது மாடில தனியா இருக்காரு, முட்டி வலி, கீழ எறங்கி கோயிலுக்கு வர முடியல. எங்க சபைல இந்த தவக்காலத்துக்கு அவருக்கு மத்தியானம் சாப்பாடு கொண்டு போறதுன்னு முடிவாச்சு, திங்கள் புதன் வெள்ளி என் பங்கு. சபை வழக்கப்படி ரெண்டு பேரா தான் போகணும், 1833ல பாரிஸ்ல ஓசானாம்ங்கற இருவது வயசு காலேஜ் பையன் ஆரம்பிச்ச காலத்துல இருந்தே வீட்டுக்கு போயி பாக்கறது தான் இதோட உயிரே, காச மட்டும் குடுத்து அனுப்பறது இல்ல. என் கூட வர வேண்டியவரு பேத்தி காதுகுத்துன்னு ஊருக்கு போயிட்டாரு, நான் தனியா மாட்டிகிட்டேன்.

மொத நாள் அம்மா கீரை கடைஞ்சு, வாழக்கா பொரியல், ரசம், எல்லாம் கேரியர்ல கட்டி குடுத்தா. தாத்தா ஒரு வாய் வெச்சாரு, என்னை பாத்தாரு, "உன் வீட்ல உப்புக்கும் ஒருசந்தியா"ன்னாரு. நான் சிரிச்சுட்டு வந்துட்டேன். ரெண்டாவது நாள் சாம்பாருல புளி தூக்கல். மூணாவது நாள் சோறு கொழஞ்சு போச்சாம். "லேட்டா வேற வர, ஒரு மணிக்கு மேல சாப்ட்டா எனக்கு ஆகாது"ன்னு கேரியர் மூடிய டங்குனு வெச்சாரு. ரெண்டு மாடி ஏறி எறங்கறவன் நான், வேர்த்து கொட்டுது, மார்ச் மாசமே இந்த வெயில்னா மே மாசம் என்ன ஆவோமோ, எனக்கு வந்துச்சு பாரு கோவம். அவர்கிட்ட ஒண்ணும் சொல்லல. வெளிய தான் சொன்னேன். சபை மீட்டிங்ல சொன்னேன், அன்பியத்துல சொன்னேன், பால் பூத்துல நின்னுகிட்டு சொன்னேன், செஞ்சும் குத்தம் கேட்டும் குத்தம்னு. சொல்லும்போது நடுவுல எத்தன மாடி ஏறறேன்ங்கறதையும் மறக்காம சொன்னேன். எங்க மீட்டிங்ல ஒரு துணிப்பை சுத்தி வரும் பாரு, எல்லாரும் கைய உள்ள விட்டு எடுக்கணும், யாரு போட்டா யாரு போடல, எவ்ளோ போட்டான்னு பக்கத்துல இருக்கறவனுக்கே தெரியாது, வலக்கை செய்யறது இடக்கைக்கு தெரியக்கூடாதுன்னு தான். அந்த பைய கைல வெச்சுகிட்டே தான் நான் இந்த கதைய ஓட்டிட்டு இருந்தேன். வீட்டுக்கு வந்தா அம்மா சொல்றா, "ஆட்டுக்கறிய விட்டுட்டு மனுஷன மென்னுட்டு இருக்கீங்க."

ரெண்டு நாள் மொகத்த தூக்கி வெச்சுகிட்டு போகல. வேற ஆள அனுப்புனாங்க.

நேத்து மூணாவது வெள்ளி. சாயந்திரம் சிலுவைப்பாதை, கூட்டம் கம்மி தான், பப்ளிக் எக்ஸாம்ங்கறதால கொயர் புள்ளைங்க ஒண்ணும் வரல, பாட்டெல்லாம் பெருசுங்களே இழுத்துகிட்டு போனோம். அஞ்சாம் ஸ்தலம், சிரேன் ஊரு சீமோன் இயேசுவுக்கு சிலுவை சுமக்க ஒத்தாசை பண்றது. சின்ன வயசுல இருந்து இவர நல்லவருன்னே நினைச்சுட்டு இருந்தேன். நேத்து தான் உறைச்சுது, அந்தாளு தானா வரல, வயல்ல இருந்து ஊருக்குள்ள வந்துட்டு இருந்தவன புடிச்சு கட்டாயப்படுத்தி தூக்க வெச்சாங்க. வழி நெடுக என்ன சொல்லி திட்டிகிட்டே தூக்குனானோ. அலக்சாந்தர், ரூபுன்னு ரெண்டு பசங்களோட அப்பான்னு மாற்கு எழுதி வெச்சிருக்காரு. ராத்திரி வீட்டுக்கு போயி அந்த பசங்க கிட்ட என்னத்த சொல்லிருப்பான்? ஆறாம் ஸ்தலத்துக்கு எல்லாரும் எழுந்து போயிட்டாங்க, நான் முட்டி போட்டபடியே இருந்தேன், பக்கத்துல ஒரு அம்மா கால் மரத்து போச்சான்னு கேட்டாங்க.

அதனால இன்னிக்கு என் முறை இல்லன்னாலும் நானே கேரியர எடுத்துட்டு போனேன். பன்னெண்டரைக்கே போயிட்டேன். மோர்க்குழம்பு, உருளைக்கிழங்கு. ஒண்ணும் குத்தம் சொல்லல, என்னை பாத்து "எங்க ஆளையே காணோம்"னு மட்டும் கேட்டாரு. தட்டுல போட்டு குடுத்துட்டு உக்காந்தேன். இதுக்கு முன்னாடி உக்காந்ததே இல்ல, வெச்சுட்டு ஓடி வந்துடுவேன். அவருக்கு கை நடுங்குது பாப்பா, ரசத்த வாய்கிட்ட கொண்டு போறதுக்குள்ள பாதி சட்டைல. மாத்திரை போட்டு போட்டு நாக்குல ருசியே தெரியலயாம், உப்பு போட்டாலும் மண்ணு தான் போடாட்டியும் மண்ணு தான்னு அவரே சொன்னாரு. கட்டிலுக்கு கீழ ஆர்மோனிய பொட்டி, பெல்லோஸ எலி கடிச்சுடுச்சு, அப்பவும் மேல ஒரு வெள்ளை துணி போர்த்தி வெச்சிருக்காரு. சின்ன வயசுல லத்தீன் பூசைக்கு பீடச்சிறுவனா இருந்தவரு, சாப்ட்டு முடிச்சதும் "எத் கும் ஸ்பிரித்து துவோ"ன்னு தானா மொணமொணன்னாரு.

அப்பறம் திடீர்னு, "உன் பொண்ணு தானே, ரெண்டாவது சரணத்துல சுருதி எறங்கிடும், அவ எங்க இப்ப"ன்னாரு. ஜெர்மனில நர்ஸா இருக்கான்னேன். ராத்திரி வேலையான்னு கேட்டாரு. ஆமான்னேன். "சாப்ட்டாளா?"ன்னு கேட்டாரு.

எனக்கு பதில் தெரியல பாப்பா. அன்னிக்கு நீ என்ன சாப்ட்டன்னு தான் கேட்டேன், சாப்ட்டியான்னு கேக்கல. அப்பிடி பேசிருக்கக் கூடாது. தப்பு என்மேல.

சரி வேற விஷயம். பக்கத்து வீட்டு பாய் வீட்லயும் இதே நேரத்துல நோன்பு நடக்குது, தெனமும் சாயந்திரம் பள்ளிவாசல் கஞ்சி ஒரு தூக்குல நம்ம வீட்டுக்கு வருது, வெள்ளிக்கிழமை மட்டும் அந்தம்மா "இன்னிக்கு கறி போட்டிருக்கு, உங்களுக்கு ஆகாதே"ன்னு ஞாபகமா சொல்லிட்டு வாழப்பழம் குடுத்துட்டு போறாங்க. உங்க அம்மா பதிலுக்கு என்ன குடுக்கறதுன்னு தெரியாம தெனமும் கொழம்பறா, ஈஸ்டருக்கு கேக்கு பெருசா சொல்லணுமாம்.

திங்கக்கிழமை தாத்தாகிட்ட வீடியோ கால்ல பேசறியா? உனக்கு நேரம் இருந்தா தான், கட்டாயம் இல்ல. ஆர்மோனியத்துக்கு பெல்லோஸ் மாத்த பிராட்வே பக்கம் ஒரு கடைல கேட்டிருக்கேன், குருத்தோலை ஞாயிறுக்குள்ள ரெடி பண்ணி தரேன்னான். அன்னிக்கு மார்ச் 29, அன்னிக்கு தான் உங்க ஊர்ல கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெப்பாங்களாமே, அம்மா சொன்னா. அப்பறம் நமக்கு நடுவுல மூன்றரை மணி நேரம் தான்.

அப்பா