இறையியல் கல்லூரி விடுதி மாணவர்களுக்கு: வாக்காளர் பெயர்ப் பதிவு

அன்பு நண்பர்களுக்கு ஸ்தோத்திரம். சனிக்கிழமை காலை ஆராதனை முடிந்ததும் உணவுக்கூடத்தில் வாக்காளர் பட்டியல் விண்ணப்பங்களை நிரப்புகிறோம். 18 வயது நிறைந்து முதன்முறை சேர்பவர்களுக்குப் படிவம் 6. நாசரேத், நாகர்கோவில் பட்டியலிலிருந்து மதுரைக்கு மாற்றுபவர்களுக்குப் படிவம் 8. விடுதி மாணவர் பெயரைச் சொந்த ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம், இங்கும் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு இடத்திலும் வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்காது.

ஞாயிறுதோறும் சபைகளில் ஆட்சியாளர்களுக்காக மன்றாடுகிறோம். அவர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் மட்டும் எபிரேய மொழிப் பாடத்தின் வினைச்சொற்களுக்குள் ஒளிந்துகொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. யாருக்கு வாக்கு என்ற பேச்சு அந்த மேசையில் வேண்டாம். அதற்குத் தேநீர்க்கடை இருக்கிறது.

பாஸ்போர்ட் அளவுப் படம், பிறந்த தேதிச் சான்று, கல்லூரி முதல்வர் கையொப்பமிட்ட மாணவர் சான்று கொண்டுவாருங்கள். சமையல் முறைக்காரர்கள் 11 மணிக்கு மேல் வரலாம்.