மாட்டுங்கா தமிழ் மளிகைக் கடைக்காரர்களுக்கு: மலைப்பூண்டு குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கடை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு லேகியம் கிளறவும் பூண்டுக் குழம்பு வைக்கவும் மலைப்பூண்டு வேண்டுமென்றால், மும்பைத் தமிழர்கள் உங்கள் கடைகளைத்தான் தேடி வருகிறார்கள். ஆனால் ‘மலைப்பூண்டு’ என்று அட்டை செருகிய கூடைகள் சிலவற்றில், இமாச்சலப் பிரதேசத்தின் குல்லு, சிர்மௌர் பக்கத்துப் பெரும்பல் பூண்டும் கிடக்கிறது. அதுவும் மலையில் விளைந்ததுதானே என்பீர்கள். உண்மைதான், நல்ல பூண்டும்கூட. ஆயினும் வாங்குபவர் மனத்தில் இருப்பது கொடைக்கானல்.

பூண்டை விதை தூவி விளைவிப்பதில்லை, பல்லைத்தான் ஊன்றுகிறார்கள். ஆகவே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி போன்ற கொடைக்கானல் மேல்மலை ஊர்களின் பூண்டு வரலாறு என்பது, எவ்வளவு பணமுடை வந்தாலும் அடுத்த நடவுக்கான பூண்டை விற்காமல் ஒதுக்கி வைத்த குடும்பங்களின் வரலாறே. அறுத்த பூண்டைத் தண்டோடு கட்டுக்கட்டாக முடிந்து தொங்கவிட்டு, கீழே புகை மூட்டிக் காப்பார்கள். மேல்தோல் லேசாகப் பழுப்பேறி, முகர்ந்தால் புகைவாசம் அடிப்பது அதனால்தான். வெளிப்பூண்டின் வரவால் விலை சரிந்து, விதைப்பூண்டையும் விற்கும் நிலை வந்தால், அந்த ரகத்தை மீட்க வேறு வழியில்லை.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெயரை விட்டுவிட்டு ‘மலைப்பூண்டு’ என்று மட்டும் எழுதினால் 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டம் உங்களைத் தொடுமா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. என் கோரிக்கை அதைவிட எளியது.

எந்த ஊர்ப் பூண்டு என்று கேட்டால், “வடுகப்பட்டிச் சரக்கு” என்று சிலர் சொல்கிறார்கள். பெரியகுளத்தை அடுத்த அந்தச் சந்தை மேல்மலைப் பூண்டுக்குப் பேர்போனது என்பது சரியே. எனினும் வடமாநிலப் பூண்டும் அங்கே இறங்கிக் கைமாறுவதால், சந்தையின் பெயர் விளைந்த இடத்துக்குச் சான்றாகாது. கொள்முதலின்போதே எந்த ஊர் விளைச்சல் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். இமாச்சலம், மத்தியப் பிரதேசம், கொடைக்கானல் என்று கூடைகளைத் தனித்தனியே வைத்து, விலையையும் தனித்தனியே போடுங்கள். கொடைக்கானல் சரக்கு வராத மாதங்களில் ‘இருப்பு இல்லை’ என்று எழுதிவிட்டால் போதும். காத்திருந்து வாங்குவோர் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
மாட்டுங்கா வாடிக்கையாளர் ஒருவர்