பில்டு கோப்புறையை ஒருமுறை அழிக்கச் சொல்வது ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் லைப்ரரியைத் தங்கள் புராஜெக்டுக்குள் சேர்த்து பில்டு செய்த (சோர்ஸிலிருந்து நிரலை உருவாக்கிய) சிலருக்கு, ஹெடர் கோப்பு (லைப்ரரியில் என்னென்ன உண்டு என்று கம்பைலருக்குச் சொல்லும் கோப்பு) கிடைக்கவில்லை என்ற பிழை வந்தது. தனியாக பில்டு செய்தவர்களுக்கு வரவில்லை. தவறு உங்களுடையது அல்ல, எங்கள் பில்டு ஸ்கிரிப்டினுடையது. மன்னியுங்கள்.

அந்த ஸ்கிரிப்டைப் படித்து பில்டை அமைத்துத் தரும் கருவியான சிமேக்கில் 'சிமேக்_சோர்ஸ்_டிர்' என்ற மாறி, பில்டு தொடங்கும் உச்சிக் கோப்புறையைக் குறிக்கும். லைப்ரரியைத் தனியே பில்டு செய்தால் அது எங்கள் கோப்புறை. 'ஆட்_சப்டைரக்டரி' என்ற சிமேக் கட்டளை மூலம் நீங்கள் அதை உள்ளே சேர்த்தாலோ, அதே மாறி உங்கள் கோப்புறையைக் காட்டும். அங்கே எங்கள் ஹெடர்களைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? எங்கள் சோதனைகள் எல்லாமே தனி பில்டாக ஓடியதால் இது எங்கள் கண்ணில் படவே இல்லை. இப்போது 'சிமேக்_கரன்ட்_சோர்ஸ்_டிர்' என்று மாற்றிவிட்டோம். 'இன்க்ளூட்' செய்து அழைக்கும் துணை ஸ்கிரிப்டுகளில் மட்டும் 'சிமேக்_கரன்ட்_லிஸ்ட்_டிர்' போட்டிருக்கிறோம். அங்கே 'சிமேக்_கரன்ட்_சோர்ஸ்_டிர்', அழைத்தவரின் கோப்புறையைத்தான் காட்டும். உங்கள் சொந்த ஸ்கிரிப்டுகளிலும் 'சிமேக்_சோர்ஸ்_டிர்' மாறியைத் தேடிப் பாருங்கள். நாளை அந்தப் புராஜெக்டை வேறொருவர் உள்ளே சேர்த்தால் இதே தலைவலி அவருக்கும் வரும்.

இன்னொரு பிழையும் இருந்தது. பதிப்பு எண் கொண்ட ஹெடரை பில்டின்போது உருவாக்கி, சோர்ஸ் கோப்புறைக்குள்ளேயே எழுதிவந்தோம். ஒரே சோர்ஸிலிருந்து டீபக் (பிழை தேட), ரிலீஸ் (வெளியிட) என இரண்டு பில்டு வைத்திருந்தால் ஒன்று மற்றதன் ஹெடரை அழித்து எழுதிவிடும். இனி அது பில்டு கோப்புறைக்குள் போகும். சோர்ஸ், படிக்க மட்டும் அனுமதியுள்ள இடத்தில் இருந்தாலும் பில்டு ஓடும்.

புதிய பதிப்பை எடுத்ததும் பழைய பில்டு கோப்புறையை முழுதாக அழித்துவிடுங்கள். தவறான முழுப் பாதை ஒன்று அதிலுள்ள கேஷ் கோப்பில் (சிமேக் தன் மதிப்புகளைச் சேமித்துவைக்கும் கோப்பு) பதிந்திருக்கிறது. ஸ்கிரிப்ட் மாறினாலும் சிமேக் அந்தப் பழைய மதிப்பையே எடுத்துக்கொள்ளும். சோர்ஸில் தங்கிவிட்ட பழைய பதிப்பு ஹெடரையும் நீக்குங்கள், இல்லாவிட்டால் கம்பைலர் அதைப் பிடித்துக்கொள்ளக்கூடும். பிறகு சோர்ஸ் கோப்புறையில் நின்று, 'சிமேக் -எஸ் . -பி பில்டு' என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் கொடுத்தால் போதும். சிமேக் 3.13 முதல் இந்த வடிவம் உண்டு.

சிமேக்குக்குப் பதிலாக ஆட்டோடூல்ஸ் என்ற பில்டு கருவித்தொகுப்பு வழியாக பில்டு செய்பவர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை. அங்கே 'டிஸ்ட்செக்' என்ற சோதனை சோர்ஸை எழுத முடியாதபடி பூட்டி, வேறு கோப்புறையிலிருந்து பில்டு செய்து பார்ப்பதால் இப்படிப்பட்ட தவறு முன்பே பிடிபட்டது. சிமேக் பக்கமும் இனி ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னும், லைப்ரரியை இன்னொரு புராஜெக்டுக்குள் வைத்து பில்டு செய்து பார்த்த பின்பே அனுப்புவோம்.

பழைய கோப்புறையை அழித்துப் புதிதாக பில்டு செய்த பிறகும் பிழை வந்தால், பில்டு கோப்புறையிலுள்ள கேஷ் கோப்பை எங்களுக்கு அனுப்பிவையுங்கள். எந்தப் பாதை எங்கே போகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அன்புடன்,
பில்டு பராமரிப்புக் குழு