ஜான் கர்பி ஆலன் அவர்களுக்கு, உங்கள் ஊரில் வீடு வாங்கிய ஒருவன் எழுதுவது

அன்புள்ள ஜான் கர்பி ஆலன் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் இறந்தபோது உங்களுக்கு வயது 28. என் மூத்த மகனே இப்போது அதைத் தாண்டிவிட்டான். வயதைப் பார்த்தால் உங்களைத் தம்பி என்றுதான் கூப்பிட வேண்டும். நான் குடியிருக்கும் ஊரை உண்டாக்கியவர் என்பதால் 'அவர்கள்' போட்டிருக்கிறேன்.

1836 ஆகஸ்ட் 30 அன்று 'டெலிகிராஃப் அண்ட் டெக்சஸ் ரெஜிஸ்டர்' பத்திரிகையில் நீங்களும் உங்கள் அண்ணன் அகஸ்டஸும் கொடுத்த விளம்பரத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். ஹூஸ்டன் என்று ஒரு புது நகரம், மனைகள் விற்பனைக்கு. மேடான, அழகான இடம். நல்ல ஊற்றுத் தண்ணீர். டெக்சஸிலேயே இதைவிட ஆரோக்கியமான இடம் கிடையாது. கடற்காற்று புத்தம் புதிதாக வீசும். நியூயார்க்கிலிருந்தும் நியூ ஆர்லியன்ஸிலிருந்தும் கப்பல்கள் தடையில்லாமல் வந்து சேரும். இதைப் படித்ததும் தமிழ்நாட்டில் நெடுஞ்சாலை ஓரம் வண்ணக் கொடி நட்டு, 'பேருந்து நிலையம் ஐந்தே நிமிடம்' என்று மனை விற்கிறவர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்கள் சொல்லும் பேருந்து நிலையம் இருபது வருடத்திலாவது வந்துவிடும். நீங்கள் சொன்ன கப்பல் வர 78 வருடம் ஆனது.

நீங்கள் முதலில் கேட்டது இந்த இடத்தையே இல்லை. ஓடையில் இன்னும் கீழே இருந்த ஹாரிஸ்பர்க் என்ற ஊரைத்தான் வாங்கப் பார்த்தீர்கள். அதன் சொந்தக்காரர் இறந்து சொத்தில் வில்லங்கம். ஊரையும் மெக்சிகோ தளபதி சாண்டா அன்னாவின் படை எரித்துவிட்டுப் போயிருந்தது. அதனால் இன்னும் மேலே போய், பஃபலோ பயூ, வைட் ஓக் பயூ என்ற இரண்டு ஓடைகள் கூடும் இடத்தில் நிலம் பிடித்தீர்கள். பணத்தில் பெரும்பங்கு உங்கள் அண்ணி ஷார்லட் கொண்டுவந்தது. நாலு மாதம் முன்புதான் சான் ஹசிந்தோ போரில் மெக்சிகோவை ஜெயித்திருந்த தளபதி சாம் ஹூஸ்டனின் பெயரை ஊருக்கு வைத்தீர்களே, அது சுத்தமான வியாபார மூளை. அப்போது தனி நாடாக இருந்த டெக்சஸ் குடியரசின் சட்டமன்றத்தில் நீங்களே உறுப்பினர். தலைநகரத்தையும் இங்கே இழுத்து வந்துவிட்டீர்கள். 1839-ல் அது ஆஸ்டினுக்குப் போய்விட்டது என்பது வேறு கதை.

1837 ஜனவரியில் 'லாரா' என்ற சிறிய நீராவிப் படகு ஹாரிஸ்பர்க்கிலிருந்து கிளம்பியது. பன்னிரண்டு மைல் இருக்கும். பயணிகளே இறங்கி, ஓடையில் விழுந்து கிடந்த மரங்களை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்ததில் மூன்று நாள் ஆகிவிட்டது. பின்னாளில் டெக்சஸ் ஆளுநரான ஃபிரான்சிஸ் லபக் அதில் வந்தார். ஊரைக் கவனிக்காமலே தாண்டிப் போய்விட்டோம், அப்புறம் திரும்பி வந்து தண்ணீர் ஓரத்திலிருந்து போட்டிருந்த தெருத் தடத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம் என்று எழுதி வைத்திருக்கிறார். கண்டுபிடித்த ஊரில் சில கூடாரங்கள். அதில் ஒன்று சாராயக் கடை.

அந்தச் சதுப்பைத் துப்புரவு செய்தவர்கள் கறுப்பின அடிமைகளும் பிடிபட்ட மெக்சிகோ போர்க் கைதிகளும். வெள்ளைக்காரத் தொழிலாளி அந்தக் கொசுவிலும் காய்ச்சலிலும் தாங்க மாட்டான் என்று காரணம் சொன்னார்கள். விளம்பரத்தில் இவர்கள் யாரும் வரவில்லை. 1865-ல் விடுதலை கிடைத்ததும் சுற்று வட்டாரத்துப் பண்ணைகளிலிருந்து கிளம்பிய மக்கள் பஃபலோ பயூவின் தென்கரையில் குடியேறினார்கள். மற்றவர்கள் வேண்டாமென்று விட்ட தாழ்வான நிலம் அது. நகராட்சி சாலை போட்டுத் தராததால் தாங்களே செங்கல் பதித்துத் தெரு போட்டுக்கொண்டார்கள். அந்த ஃப்ரீட்மென்ஸ் டவுன் செங்கல் தெருக்களில் சில இன்னும் மிச்சமிருக்கின்றன. ஜாக் யேட்ஸ் என்ற பாதிரியார் முன்நிற்க, விடுதலை பெற்றவர்கள் காசு சேர்த்து 1872-ல் பத்து ஏக்கர் வாங்கினார்கள், விடுதலை நாளான ஜூன் 19-ஐக் கொண்டாட ஓர் இடம் வேண்டும் என்று. எமான்சிபேஷன் பூங்கா இன்றும் அங்கேயே இருக்கிறது. இந்த ஊரில் சொன்னதற்காகவே வாங்கி, அதற்காகவே வைத்திருக்கும் நிலம் என்று எனக்குத் தெரிந்தது அதுதான்.

ஆரோக்கியத்தைப் பற்றிக் குத்திக்காட்ட மனம் வரவில்லை. விளம்பரம் வந்து இரண்டு வருடம்கூட முழுதாக முடியவில்லை, 1838 ஆகஸ்டில் காய்ச்சல் உங்களையே கொண்டுபோய்விட்டது. அடுத்த வருடம் ஊருக்கே மஞ்சள் காய்ச்சல்.

கடற்காற்று? நான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஜூன் மாதம் இங்கே வந்து இறங்கினேன். சென்னையில் வளர்ந்தவன், வெயிலும் புழுக்கமும் புதிதில்லை. இருந்தும் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் திரும்பி உள்ளே போய்விடலாமா என்று இருந்தது. கடல் 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதனால் காற்றை நாங்கள் இயந்திரத்தில் செய்துகொண்டோம். 1965-ல் ஆஸ்ட்ரோடோம் என்று கூரை போட்டுக் குளிரூட்டிய விளையாட்டு அரங்கமே கட்டினார்கள். கூரையில் ஒளி புகும் பிளாஸ்டிக் பலகைகள், அந்தக் கூசலில் மேலே போன பந்து ஆட்டக்காரர்களுக்குத் தெரியவில்லை. பலகைகளுக்குச் சாயம் பூசினார்கள். வெயில் இல்லாமல் புல் செத்தது. செத்த புல்லுக்குப் பதிலாக வந்ததுதான் ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பிளாஸ்டிக் புல். ஹூஸ்டன்காரர்களின் புத்தியைத் தெரிந்துகொள்ள இந்த ஒரு கதை போதும். நகர மையத்தில் வேலை பார்த்த நாட்களில் மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் தெருவில் நடந்ததே இல்லை. கட்டடத்துக்குக் கட்டடம் பூமிக்கு அடியில் குளிரூட்டிய நடைபாதைகள்தான்.

துறைமுகமும் வந்துவிட்டது. 1900 செப்டம்பர் புயல் கடலோரத் துறைமுக ஊரான கால்வெஸ்டனை அழித்தது, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அடுத்த வருடமே பியூமாண்ட் பக்கம் ஸ்பிண்டில்டாப்பில் எண்ணெய் பீறிட்டது. கரையோரத் துறைமுகம் ஆபத்து, உள்நாட்டில் ஒன்று வேண்டும் என்ற பேச்சுக்கு அப்போதுதான் வலு வந்தது. செலவில் பாதியை நாங்களே தருகிறோம் என்று ஹூஸ்டன்காரர்கள் வாஷிங்டனிடம் சொல்லி, வாக்களித்துக் கடன் பத்திரம் வெளியிட்டு, ஓடையை 25 அடி ஆழத்துக்குத் தோண்டினார்கள். 1914 நவம்பரில் அதிபர் உட்ரோ வில்சன் வாஷிங்டனில் ஒரு பொத்தானை அழுத்த, இங்கே கால்வாய்த் திறப்புக்குப் பீரங்கி வெடித்தது. உங்கள் பொய் அன்றைக்கு மெய்யானது.

மெய்யாக்க முடியாமல் போனது ஒன்றுதான்: மேடு. தோண்டலாம், குளிரூட்டலாம், உயர்த்த முடியவில்லை. போதாக்குறைக்குத் தொழிற்சாலைகளும் நகரமும் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, இருந்த தரையும் இறங்கியது. பக்கத்து ஊரான பேடவுனில் பிரவுன்வுட் என்று வசதியானவர்களின் குடியிருப்பு ஒன்று இருந்தது. மண் பல அடி தாழ்ந்து கடல் உள்ளே வர ஆரம்பித்தது. 1983-ல் அலிசியா புயலோடு எல்லோரும் காலி செய்தார்கள். இப்போது அது பறவைகள் பார்க்கப் போகும் இடம், நானும் போயிருக்கிறேன்.

1935 வெள்ளத்தில் நகர மையமே மூழ்கியது. அதற்குப் பிறகுதான் மேற்கே வெட்டவெளியில் ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு நீர்த்தேக்கங்களுக்குக் கரை எழுப்பினார்கள். மழை இல்லாத நாளில் அவற்றில் தண்ணீரே இருக்காது. உள்ளே பூங்கா, பந்து மைதானம், மரங்கள். புதிதாக வருகிறவனுக்கு அது ஏரி என்று தெரியவே தெரியாது. உங்களுக்குப் பின்னால் வந்த மனை வியாபாரிகள் அந்த நீர்ப்பிடிப்பிலேயே வீடுகளைக் கட்டி விற்றார்கள். எந்த இடத்தில் எதைக் கட்டலாம் என்று வகுக்கும் மண்டலச் சட்டத்தை 1948, 1962, 1993 என்று மூன்று முறை வாக்களித்துத் தோற்கடித்த ஊர் இது. உங்கள் ரத்தம் ஊருக்குள் நன்றாகவே ஓடுகிறது.

அப்படி ஒரு வீட்டைத்தான் நாங்கள் வாங்கினோம். "இந்தத் தெருவில் ஒரு சொட்டு ஏறியதில்லை" என்றார் தரகர். 2001-ல் அலிசன் புயல் வந்தபோது சுரங்க நடைபாதைகளில் வெள்ளம் புகுந்தது, ஜோன்ஸ் ஹாலின் அடித்தளத்தில் சிம்பனிக் குழுவின் இசைக்குறிப்புகள் நாசமாயின. எங்கள் தெரு அப்போது உலர்ந்தே கிடந்தது. தரகர் வார்த்தை பலித்தது என்றே எடுத்துக்கொண்டோம். 2015, 2016 வெள்ளங்களிலும் தப்பித்தோம். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல். நாள்கணக்கில் கொட்டிய மழையைத் தாங்கிக்கொண்டது எங்கள் வீடு. மழை அடங்கின பிறகுதான் தண்ணீர் வந்தது, பின்பக்க வேலி வழியாக, நிதானமாக, நிறைந்துகொண்டிருந்த நீர்த்தேக்கத்திலிருந்து. எங்களை ஏற்றிக்கொண்ட மீன்பிடிப் படகுக்காரர் யாரென்று இன்றுவரை தெரியாது. பெயர் கேட்டேன், சிரித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் தெருவோரம் அறுத்துப் போட்ட சுவர்ப் பலகைகளும் நனைந்த தரைவிரிப்புகளும் குவிந்து கிடந்தன. அந்த வாடையை எழுதத் தெரியவில்லை.

இப்போது வீட்டை விற்கலாம் என்று இருக்கிறோம். மகன் இருக்கும் ஊருக்குப் போவதாக உத்தேசம். 2019 முதல் டெக்சஸில் வீடு விற்பவர் வெள்ள விவரங்களைப் படிவத்தில் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். வெள்ளச் சமவெளியில் இருக்கிறதா, நீர்த்தேக்கத்தின் பிடிப்பில் வருகிறதா, முன்பு தண்ணீர் புகுந்ததா, எல்லாம். என்னுடையதை நிரப்பிவிட்டு, கையோடு உங்கள் மனைகளுக்கும் ஒரு பிரதி எடுத்து நிரப்பினேன். பெரும்பாலான கட்டங்களில் 'ஆம்' என்றுதான் போட வேண்டியிருந்தது. விற்பவர் கையெழுத்து மட்டும் பாக்கி.

இப்படிக்கு,
மேற்கு ஹூஸ்டனில் தற்போதைக்கு ஒரு வீட்டுக்காரன்