ஆறு கட்டைலேர்ந்து மூணு கட்டைக்கு

அக்கா,

நல்லா இருக்கியா, அம்மாவுக்கு முட்டி வலி பரவால்லயா. இங்க நாட்டிங்காம்ல நாலு மணிக்கே இருட்டிடுது, ஹீட்டர் பில்லுக்குப் பயந்து ரெண்டு ஸ்வெட்டர் மாட்டிக்கிட்டு உக்காந்து எழுதறேன். சாம்பார் பொடி இன்னும் இருக்கு, அனுப்ப வேணாம்.

சனிக்கிழமை பாருல டிஜேவா ரெண்டு பாட்டை மாத்தி மாத்திப் போடறதுக்கு எதுக்குடா காசு குடுக்கறாங்கன்னு கேட்டியே, போன்ல சொன்னா சிரிச்சே முடிச்சிடுவ, அதான் லெட்டர்.

நான் போடறது ப்ரோக்ரஸிவ் ஹவுஸ்னு ஒரு எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக். இந்த ஊருக்கும் அதுக்கும் நெருக்கம் ஜாஸ்தி. பக்கத்துலயே மேன்ஸ்ஃபீல்டு, முன்னாடி நிலக்கரிச் சுரங்க ஊரா இருந்தது, அங்க வென்யூ 44ங்கற கிளப்ல 1992ல ரெனஸான்ஸ்னு ஒரு டான்ஸ் நைட் ஆரம்பிச்சாங்க, சாஷா, ஜான் டிக்வீடுன்னு ரெண்டு டிஜேக்களும் அங்க வாசிச்சுப் பேர் வாங்கினவங்க, 1994ல ரெண்டு பேரும் அந்தப் பேர்ல மிக்ஸ் பண்ணின மூணு சிடி செட்டை இன்னிக்கும் இங்க பெருமையா பேசுவாங்க. அப்ப அங்க ஆடினவங்கள்ல சிலர் இப்ப அம்பது வயசுல நம்ம பாருக்கு வர்றாங்க, அவங்க காதை ஏமாத்த முடியாது.

ஒரு பாட்டு ஏழெட்டு நிமிஷம் போகும், வரிகள் அதிகம் இருக்காது. ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்தது உள்ள வந்து, ரெண்டும் ஒண்ணரை ரெண்டு நிமிஷம் சேர்ந்தே ஓடும். தாளம் மட்டும் ஒட்டினா பத்தாது, ஸ்ருதியும் ஒட்டணும், இல்லன்னா பாருல பாதிப் பேர் முகம் சுளிச்சிடும்.

இதுக்கு கேம்லாட் வீல்னு ஒண்ணு இருக்கு, வட்டமா 12 நம்பர், ஏ-ன்னா மைனர், பி-ன்னா மேஜர். 8ஏ-ன்னா ஏ மைனர், அதாவது ஆறு கட்டை ஸ்ருதில நடபைரவி ராகம். 8பி-ன்னா சி மேஜர், ஒரு கட்டைல சங்கராபரணம். ரெண்டும் அதே ஸ்வரங்கள்தானே, நீ பாட்டு கிளாஸ்ல பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கற கிரக பேதமேதான், ஆதார சட்ஜம் மட்டும் மாறுது. 9ஏ-ன்னா ஈ மைனர், மூணு கட்டை, பழைய பாட்டோட பஞ்சமம் இப்ப சட்ஜம் ஆகிடுது.

போன வாரம் 8ஏ-லேர்ந்து 9ஏ-க்குப் போனேன். சாஃப்ட்வேர் பக்கத்து நம்பர், போலாம்னு பச்சையா காட்டும். ஆனா ஆறு கட்டைலேர்ந்து பாத்தா ஒரு ஸ்வரம் மாறுது, பழைய பாட்டுல சுத்த தைவதம், புதுசுல சதுஸ்ருதி தைவதம். பழசோட பேடு சவுண்டு, அதாவது பின்னணில நீளமா இழுத்து நிக்கற சிந்தசைசர் சத்தம், அந்தச் சுத்த தைவதத்தைப் பிடிச்சு நிக்கும்போது புது மெலடியைத் திறந்தா காதுல கல்லு விழும். அதனால புதுசோட டிரம் மட்டும் முதல்ல உள்ள விட்டேன், பேஸ், அதாவது அடித்தொனியோட நாபை முழுசா மூடி வெச்சு, பழைய பாட்டோட பேடு அடங்கற வரைக்கும் காத்திருந்து, அடுத்த எட்டு பார் (தாளச் சுத்து) தொடங்கற இடத்துல பழசோட பேஸை இறக்கி இதோடதை ஏத்தினேன். ரெண்டு பேஸ் ஒண்ணா ஓடினா கொழகொழன்னு ஆகிடும்.

இன்னொண்ணு, 124 பிபிஎம் (நிமிஷத்துக்கு 124 அடி) வேகத்துல இருக்கற பாட்டை 122க்கு இறக்கினா ஸ்ருதியும் செமிடோன்ல, அதாவது அரை கட்டைல, கால்வாசிக்கு மேல இறங்கிடும், ஆறு பர்சென்ட் மாத்தினா முழு செமிடோன். பிளேயர்ல மாஸ்டர் டெம்போ பட்டனை அமுக்கினா வேகம் மட்டும் மாறும். வினைல் ரெக்கார்டுல வாசிச்சவங்களுக்கு அந்த வசதி கிடையாது, காதாலயே கணக்குப் போட்டிருக்காங்க, அவங்களை நெனச்சாத்தான் மலைப்பா இருக்கு.

ஏழு நம்பர் தாண்டிக் குதிச்சா அரை கட்டை ஏறும், கூட்டம் கத்தும், எனக்கு அது ஒத்துவரல. கடைசி சரணத்துக்கு ஸ்ருதி ஏத்தற பழைய மெல்லிசைக் கச்சேரி மாதிரி இருக்கு.

ரெக்கார்டிங் வாட்ஸ்ஆப்ல அனுப்பிட்டேன், ஸ்பீக்கர்ல போடாத, ஹெட்போன் மாட்டிக் கேளு. 41வது நிமிஷத்துல, அந்த 8ஏ-லேர்ந்து 9ஏ-க்கு மாறற இடத்துல, தைவதம் எங்கயாவது இடிக்குதான்னு மட்டும் சொல்லு, பாராட்டெல்லாம் வேணாம். மோட்டார் ரிப்பேருக்குப் பணம் போட்டாச்சு, அப்பாவை பேங்க்ல பாத்துக்கச் சொல்லு.

தம்பி