அந்தக் குழாய் மூடும்வரை கூட இருந்தவர்களுக்கு

வணக்கம். 28 வாரத்தில், 1 கிலோ 50 கிராம் எடையில் பிறந்த எங்கள் மகள் போன வாரம் வீடு வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் இருந்த 58 நாளும் யாருக்கும் ஒழுங்காக நன்றி சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் டாக்டர் மேடத்துக்கு. நாலாம் நாள் எக்கோ என்கிற இதய ஸ்கேனில் பி.டி.ஏ., அதாவது பிறந்த பிறகு மூட வேண்டிய ஒரு குழாய் மூடவில்லை என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் இதயத்தில் ஓட்டை என்றே பேச ஆரம்பித்துவிட்டார்கள், நானும் அதை நம்பி அழுதுகொண்டிருந்தேன். நீங்கள்தான் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் வரைந்து, "ஓட்டை இல்லைம்மா, நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கிற சின்ன ரத்தக்குழாய், வயிற்றுக்குள் இருக்கும்வரை எல்லாக் குழந்தைக்கும் இது வேண்டும்" என்றீர்கள். ஆக்சிஜன் நஞ்சுக்கொடியிலிருந்து தொப்புள்கொடி வழியாக வந்துவிடுவதால் நுரையீரலுக்கு அங்கே வேலையில்லை, அங்கே போகவேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதி இந்தக் குறுக்குவழியில் போய்விடுமாம். பிறந்து மூச்சு விட்டதும் ஆக்சிஜன் ஏறும், குழாயைத் திறந்து வைத்திருந்த புரோஸ்டாகிளாண்டின் என்கிற ரசாயனம் குறையும், மாதம் நிறைந்த பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 2, 3 நாளில் சுருங்கி மூடி, அப்புறம் சில வாரங்களில் அது வெறும் நாராகிவிடும். என் மகள் வெளியே வந்துவிட்டாள், அவளுடைய குழாயோ இன்னும் என் வயிற்றுக்குள் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தது. பெருந்தமனி ரத்தம் அதன் வழியே திரும்பவும் நுரையீரலுக்குள் பாய்ந்ததால் வென்டிலேட்டரை எடுக்க முடியவில்லை.

பல குறைமாதக் குழந்தைகளுக்கு மருந்தில்லாமலே மூடிவிடும், இவளுக்குப் பெரிதாக இருக்கிறது என்று சொல்லித்தான் பாராசிட்டமால் கொடுத்தீர்கள். காய்ச்சல் மருந்தா என்று நான் சந்தேகமாகக் கேட்டதற்குக் கோபப்படாமல், அது புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதைக் குறைக்கும் என்று விளக்கினீர்கள். முதல் சுற்றில் குழாய் சிறிதானது, இரண்டாவதில் மூடியது. எக்கோ எடுத்தவர் திரையை என் பக்கம் திருப்பி, சிவப்பும் மஞ்சளுமாகச் சீறிக்கொண்டிருந்த அந்தப் பாய்ச்சல் இப்போது இல்லை என்று காட்டியதை மறக்கவே மாட்டேன்.

நள்ளிரவில் போன் செய்தாலும் எடுத்துப் பேசிய சிஸ்டர்களுக்கும், எனக்குப் பால் சுரக்காத நாட்களில் பால் வங்கிக்குக் கொடுத்த முகம் தெரியாத தாய்மாருக்கும், தினமும் என் அம்மாவை ஏற்றி வந்துவிட்டுப் பாதி நாள் காசு வாங்காமல் போன ஆட்டோ அண்ணனுக்கும் நன்றி.

கடைசியாக, பக்கத்துப் படுக்கை அக்காவுக்கு. உங்கள் பையனுக்கு நுரையீரலுக்குப் போகும் வழியே பிறவியில் அடைபட்டிருந்ததால், இதே குழாய் மூடிவிடக்கூடாது என்று அவனுக்கு இரவும் பகலும் டிரிப்பில் புரோஸ்டாகிளாண்டின் ஏறிக்கொண்டிருந்தது. ஒரே அறையில் நான் மூட வேண்டும் என்று வேண்டினேன், நீங்கள் மூடக்கூடாது என்று வேண்டினீர்கள். அந்த நிலையிலும் எங்களுக்கு மூடிவிட்டது என்று கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள், உங்கள் டிபன் பாக்ஸிலிருந்த இட்லியில் பாதியை எனக்குக் கொடுத்தீர்கள். அடுத்த நாள் காலை ஆபரேஷனுக்காக அவனை வேறு ஊருக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். நான் அப்போது பாப்பாவை நெஞ்சில் போட்டுக் கங்காரு கேர் கொடுத்துக்கொண்டிருந்ததால் எழுந்து வரமுடியவில்லை, நம்பரும் வாங்கவில்லை. இதைப் பார்த்தால் தம்பி எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி எழுதுங்கள் அக்கா.